தம்பியின் சப்பாத்து

யசோதினிக்கு நாற்பத்து மூன்று வயது. கனடாவில், ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தின் பனிச்சறுக்கு அரங்குக்கு அவள் முதன்முதலாக வந்தபோது, பையில் ஒரு சோடிச் சப்பாத்து மட்டும்தான் இருந்தது. ஐஸில் சறுக்குவதற்காக அடியில் கத்தி பொருத்திய கறுப்புக் காலணி. தம்பி பிரதீபனுடையது. புற்றுநோய் அவனைக் கொண்டுபோய் ஒரு குளிர்காலம் கடந்திருந்தது.

அவனுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்த நிமலன் மாஸ்டர்தான் இவளுக்கும் கற்றுக்கொடுக்கச் சம்மதித்தார். அவள் சப்பாத்தைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த கம்பளிக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். அப்படியும் கால் உள்ளே ஆடியது.

"எழும்பி நில்லுங்கோ."

எழும்பினாள். கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தன.

"பெரிசு. கழட்டுங்கோ."

"இறுக்கிக் கட்டினால் சரிவரும், மாஸ்டர்."

"வராது. கணுக்கால் முறியும்."

"முறிஞ்சால் முறியட்டும்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"அவன்ர கால் இருந்த இடத்தில என்ர கால் இருக்கோணும்" என்றாள். "அதுக்குத்தான் வந்தனான். வேற ஒண்டைப் போட்டுக்கொண்டு நான் ஏன் ஐஸில இறங்கோணும்?"

அவர் எழுந்துபோய், அரங்கில் வாடகைக்குக் கொடுக்கும் வெள்ளைச் சப்பாத்தும் ஒரு தலைக்கவசமும் கொண்டுவந்தார். அவள் முன்னால் முழந்தாளிட்டு அமர்ந்தார். தம்பியின் சப்பாத்தைக் கழற்றி, கம்பளி உறைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, மெல்லிய உறை ஒன்றைக் கொடுத்தார். குதிகால் பின்னால் போய் ஒட்டும்வரை சப்பாத்தைத் தரையில் தட்டச் சொன்னார். பிறகு நாடாவைக் கணுக்காலோடு இறுக்கினார்.

இந்த முறை நின்றபோது கால் ஆடவில்லை. அவள் முகம் மட்டும் வாடியிருந்தது.

"கழுத்தில இருக்கிற சால்வையும் வேண்டாம். கத்தியில சிக்கும்."

கழற்றினாள். கையுறை போட்டாள். தலைக்கவசத்தைக் கண்டதும் தயங்கினாள்.

"சின்னப் பிள்ளையள் சிரிக்குங்கள்."

"சிரிக்கட்டும்."

ஐஸில் கால் வைத்ததுமே ஓரத்துக் கம்பியைத் தேடினாள். அவர் தடுத்தார்.

"முதல்ல விழப் பழகோணும். முழங்காலை மடிச்சுப் பக்கவாட்டில சரியுங்கோ. கையை ஊண்டாதேங்கோ."

மடித்தாள். பாதியில் பயம் பிடித்தது. சட்டென்று நிமிர்ந்தாள். கால்கள் முன்னால் ஓடின. மல்லாக்க விழுந்தாள். தலைக்கவசம் மோதிய சத்தத்தில் அரங்கே திரும்பிப் பார்த்தது.

மாஸ்டர் அவளை உடனே தூக்கவில்லை. பக்கத்தில் ஐஸிலேயே அமர்ந்தார்.

"கழுத்து நோகுதா? தலை சுத்துதா?"

இல்லை என்று கையசைத்தாள். இடுப்பு எரிந்தது. முதுகு வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. செத்த வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தும் வராத அழுகை இப்போது வந்தது. அவர் காத்திருந்தார். சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்களைச் சுற்றிப் போனார்கள்.

அழுது ஓய்ந்த பிறகு, கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாஸ்டர், தம்பி முதல் நாள் எப்பிடி விழுந்தவன்?"

"இப்ப நீங்கள் விழுந்தீங்களே, அப்பிடித்தான்."