பலூன் கடைத் துப்பாக்கிக்கு ஒட்டுப் போட்ட கதை

போன வருசம் பலூன் உடையவில்லை. ஒன்பது தரம் சுட்டும் உடையவில்லை. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் சரிசெய்யப் போய் வந்த வினை.

சுட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. விளாங்கரிசல் கோயில் கமிட்டித் தலைவர் வீரபாகு. அந்த ஊரில் ஒரு வழக்கம். பங்குனித் திருவிழாவுக்குக் கொடி ஏறினதும் தலைவர் நேரே பலூன் கடைக்கு வந்து முதல் குண்டைச் சுடுவார். பலூன் உடைந்த பிறகுதான் ராட்டினம் சுற்றும். உடையாவிட்டால் ஊருக்கு ஆகாது. போன வருசம் ஒன்பதும் தப்பவே, பத்தாவதுக்கு அவர் பீடி நெருப்பை வைத்து உடைத்துவிட்டுக் கடைக்காரனைப் பார்த்தார்.

"ஏலே சடையாண்டி, அடுத்த வருசம் முதல் குண்டுலேயே உடையணும். இல்லேன்னா இந்த ஆலமரத்தடி கரும்பு ஜூஸ்காரனுக்குப் போயிரும்."

சடையாண்டி மரத்தை அண்ணாந்து பார்த்தான். அப்பன் காலத்திலிருந்து கடை போட்ட இடம். பலூன் ஊதுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஊதுவதும் சுமார்தான்.

ஒரு வருசம் கலங்கிக்கொண்டே இருந்தான். கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வேலையில் இறங்கினான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பேர் பட்டறை. உள்ளே ஒரு சுத்தியல், ஒரு திருப்புளி, சம்சாரத்தின் தம்பிமார் இரண்டு பேர். மூத்தவன் வெயிலுகந்தான். இளையவன் தவசி. மூளை விசயத்தில் மூன்று பேருக்கும் பாகப்பிரிவினை ஆகவில்லை. இருந்ததே ஒன்றுதான், அதுவும் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை.

துப்பாக்கியைச் சைக்கிள் கடைக் காசிலிங்கத்திடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் நிமிரக்கூட இல்லை.

"காத்துத் துப்பாக்கிதானே? எங்கேயோ காத்து ஒழுகுது. தண்ணிக்குள்ள முக்கிப் பாரு. குமிழி வர்ற இடத்துல ஒட்டுப் போடு. போ."

ஒரு பஞ்சர் ஒட்டும் கொஞ்சம் பசையும் கொடுத்தார். தப்பு அவர் பேரில் இல்லை.

வீட்டுக் குண்டானில் துப்பாக்கி பாதிதான் முங்கியது. "முங்காத பாதியில ஒழுகினா?" என்றான் வெயிலுகந்தான். நியாயம்தானே. கிணற்றுக்குப் போனார்கள். துப்பாக்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தவசி குதித்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது.

"குமிழி வந்துச்சாலே?" என்று சடையாண்டி மேலேயிருந்து கத்தினான்.

"கொத்துக் கொத்தா வருது மச்சான்!"

"எங்கேருந்து?"

"என் மூக்குலேருந்து!"

மேலே நின்ற இருவரும் கிணற்றுக்குள் இன்னும் குனிந்தார்கள்.

"துப்பாக்கியில வரலையா?"

"ஒண்ணுகூட வரலை."

"அப்ப துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்றான் வெயிலுகந்தான். "ஒழுகுறது இவன்தான். மூணு வருசமா இவன்தானே மச்சான் கடையில குண்டு போட்டுக் கொடுக்கான்? பக்கத்துல நின்னு பூராக் காத்தையும் விட்டிருக்கான், பாவி."

தவசிக்குக் கண் கலங்கியது. "தெரியாம விட்டுட்டேன் மச்சான்" என்றான். அவன் மூக்கை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பசை தடவி, ஊதிக் காயவைத்து, முறைப்படி ஒட்டுப் போட்டார்கள். அலறினான். ஒழுகலை நிறுத்தும்போது சத்தம் வரத்தான் செய்யும் என்றார்கள்.

பட்டறைக்கு வந்து சுட்டுப் பார்த்தார்கள். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு தலைப்பிரட்டை வந்தது. கடைசியாகக் குண்டு வந்தது. வந்து, மூன்றடி தள்ளி, களைத்துப்போய் விழுந்தது. பலூன் இருப்பதோ பத்தடியில்.

சடையாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஆலமரமும் கரும்பு ஜூஸும் கண்முன்னே வந்தன. வெயிலுகந்தான் கீழே கிடந்த குண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், குழாய்க்குள்ள இருக்கையில குண்டு விழுதா?"

"இல்லை."

"வெளியே வந்த பிறகுதானே விழுது?"

"ஆமா."

"அப்ப அதை ஏன் வெளியே விடணும்?"

சடையாண்டி எழுந்து மச்சினனைக் கட்டிக்கொண்டான். கரண்டு வேலைக்கு வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றோடொன்று சொருகித் துப்பாக்கி வாயில் மாட்டினார்கள். தொய்ந்தது. மூங்கிலை வைத்துக் கட்டினார்கள். பன்னிரண்டடி வந்தது. கொட்டகையோ எட்டடி. தகரத்தில் ஓட்டை போட்டு நாலடியைப் பின்தெருவுக்கு அனுப்பினார்கள்.

"பலூனுக்குப் பத்தடி போதாதா மாப்ளே?"

"பலூனுக்கு முன்னாடி நிறுத்தினா மறுபடி வெளியே வந்துருமே மச்சான். தாண்டி நிறுத்தணும்" என்றான் வெயிலுகந்தான். தவசியும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ஆமாம் போட்டான்.

கொடியேற்றத்தன்று துப்பாக்கி கொட்டகையை விட்டு வெளியே வர மறுத்தது. குழாயைக் கழற்றினால் பலம் போய்விடும் என்று பயம். அரைமணி நேரம் யோசித்தார்கள். கொட்டகையிலிருந்து துப்பாக்கியை எடுக்க முடியாததால், துப்பாக்கியிலிருந்து கொட்டகையை எடுத்தார்கள். நாலு தூணும் சாய்ந்தன. துப்பாக்கியை ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் பாடை என்று நினைத்து ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

மேளம் முழங்க வீரபாகு வந்தார். பின்னால் ஊரே நின்றது. கரும்பு ஜூஸ்காரன் மிஷினோடு வந்து மரத்தை ஒட்டி நின்றான்.

"என்னடா இது?"

"துப்பாக்கிதானுங்க. கொஞ்சம் வளர்ந்திருக்கு."

குழாய் முனை மரச் சட்டத்தில் கட்டிய பலூன்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் கட்டிய துணியைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் யாருக்கும் அது தெரியாது. அந்தப் பக்கம் பூசாரி வீட்டுக் கறுப்புக் கிடா நின்று, தோரணத்து வேப்பிலையை நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்ததும் தெரியாது.

தலைவர் விசையை அழுத்தினார். 'புஸ்' என்றது. ஒன்றும் நடக்கவில்லை. சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டான். ஜூஸ்காரன் மிஷினை ஓரடி முன்னால் தள்ளினான்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கய்யா. வந்துக்கிட்டு இருக்கு" என்றான் வெயிலுகந்தான்.

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்துப் பிடித்தார். குண்டு கடகடவென்று உருண்டு போய், அந்தப் பக்கம் கிடாவின் மூக்கு நுனியில் 'டொக்' என்று விழுந்தது.

கிடாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. நாலடி பின்வாங்கி, குனிந்து, வந்தது பாருங்கள்! துணி வழியே கொம்பு முனை இடித்ததில் சட்டமே ஆடியது. பட், பட், பட்டென்று பதினோரு பலூன். துணிக்குப் பின்னால் நடந்ததை ஊர் பார்க்கவில்லை.

"ஒரே குண்டுக்குப் பதினொண்ணு!" என்று தலைவர் துள்ளினார். குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. "ஆலமரத்தடி உனக்குத்தாண்டா! நான் தலைவரா இருக்கிற வரைக்கும் உனக்குத்தான்!" ராட்டினம் சுற்றத் தொடங்கியது. ஜூஸ்காரன் மிஷினைத் திருப்பிக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்ததும் மூவரும் துணியை விலக்கிப் பார்த்தார்கள். கொம்பில் சிவப்புப் பலூன் கிழிசலோடு கிடா நின்றது. சடையாண்டி மெதுவாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். மச்சினன்மாரும் கட்டிக்கொண்டார்கள். பூசாரியிடம் கேட்டு அதை அங்கேயே கட்டிவைத்தார்கள். பத்து நாளும் ஒருவருக்கும் குறி தப்பவில்லை.

துப்பாக்கி சரியான சேதி கேட்டு, மூன்றாம் நாள் பக்கத்து ஊர் பலூன் கடைக்காரர் தன் பழுதான துப்பாக்கியோடு வந்துவிட்டார். ஏழாம் நாள் துணிக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. மருந்தடிக்கிற ஸ்பிரேயர், ஊமையாகிப்போன ரேடியோ, கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு மொபெட். எல்லார் கையிலும் கூலிக்கென்று ஒரு பிடி அகத்திக்கீரை.

"எவ்வளவு நேரம்ப்பா நிக்கிறது? மெக்கானிக் யாரு? பேரைச் சொல்லு" என்று கடைசியில் நின்றவர் சத்தம் போட்டார்.

சடையாண்டி உதட்டில் விரலை வைத்தான்.

"மெல்லப் பேசுங்கய்யா, சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. பூசாரி வீட்டுக் கறுப்புக் கிடா."