எலுமிச்சம்பழம் நசுங்கும் வரை

போடியில் சொக்கநாதனின் பேட்டரி வண்டிக் கடை வாசலில், "மூவாயிரம் வாட்! மலையே வழிவிடும்!" என்று ஒரு பலகை கொக்கரித்துக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான், மலைமேல் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றும் வீராயி தன் பழைய மொபெட்டையும் கொடுத்துப் புது வண்டி வாங்கினாள். பாதி மலையிலேயே வண்டி மூச்சுவாங்கி நின்றது. வெயிலில் பால் திரிந்தது.

ஆயுத பூஜையன்று கடையில் நல்ல கூட்டம். வீராயி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மலை ஏறவில்லை என்று தன் மொபெட்டைத் திருப்பிக் கேட்டாள்.

"மூவாயிரம் இல்லைன்னு இத்தனை பேர் முன்னால நிரூபி பாப்போம். உன் மொபெட்டைத் திருப்பித் தர்றேன்," என்றார் சொக்கநாதன்.

"நான் ஏண்ணே இல்லைங்கிறேன்? நீங்களே ஓட்டிக் காட்டுங்க. நான் பின்னால உக்காந்துக்கிறேன்."

நல்ல நாளாயிற்றே என்று சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பால் கேனோடு ஏறிக்கொண்டாள். அவர் முறுக்கினார். வண்டியின் வாட் மீட்டர் மூவாயிரத்துக்குத் தாவியது, பழம் நசுங்கியது. அடுத்த நொடியே எண் ஐந்நூற்றுக்கு இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டது. கடைவீதி மேட்டில் முதலாளி காலால் உந்த வேண்டியதாயிற்று.

"அண்ணன் சொன்னது நெசந்தான்! மூவாயிரம் இருக்கு, பழம் நசுங்குற வரைக்கும்," என்று வீராயி கூவினாள். "மலை உச்சி வரைக்கும் எலுமிச்சம்பழம் அடுக்க ஆள் அனுப்புறீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சொக்கநாதன் மொபெட் சாவியை நீட்டினார்.

அன்று பால் திரியாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மொபெட்டில் மீட்டர் செத்துப் பல வருஷமாகிறது. மலைக்கு அது தெரியவேயில்லை.