கிருமி கழற்றி வைத்த சட்டை

இந்தக் கதையை நான் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னவர் என் தங்கையின் வீட்டுக்காரர் குப்பண்ணன். பொய் சொல்லத் தெரியாதவர். அதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டுமே. ஆனாலும் ஒரு இடம் நெருடிக்கொண்டே இருந்தது. ஒருவேளை என் மனசுதான் சரியில்லையோ என்றும் யோசித்தேன். அதுவும் நிச்சயமில்லை.

கூமுட்டைப்பாளையத்தில் பாவாயி முந்நூறு கோழி வளர்த்தாள். துணைக்கு மூன்று தம்பிகள்: அத்தியண்ணன், செங்கோடன், கடைக்குட்டி குப்பண்ணன். அந்த வருஷம் பறவைக் காய்ச்சல் பக்கத்துத் தாலுகாவரை வந்துவிட்டது. ஒரு கோழிக்கு வந்தால் போதும், முந்நூறையும் குழியில் போட்டு மூடிவிடுவார்கள். பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை. கால்நடை டாக்டரம்மாவிடம் விவரம் கேட்டு வரத் தம்பிகளை அனுப்பினாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"கிருமி செவுத்தை இடிச்சுட்டு வராதுங்க. கோழி உடம்புல இருக்கிற உயிரணு மேல சர்க்கரை நுனி நீட்டிட்டு இருக்கும். கிருமி அதைப் பிடிச்சுக்கும். உயிரணுவும் 'நம்ம ஆளு'ன்னு நெனைச்சு, தானே கதவைத் தொறந்து உள்ள இழுத்துக்கும். உள்ள புளிப்பு ஏறும். புளிப்புப் பட்டதும் கிருமி சட்டையைக் கழட்டிட்டு வேலையை ஆரம்பிச்சிரும். அதனால, வெளியாள் யாரையும் பண்ணைக்குள்ள விடாதீங்க."

மூவரும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார்கள்.

முதலில் கோழிமேல் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. குப்பண்ணன் ஒரு கோழியைப் பிடித்து முதுகை நக்கினார்.

"இனிப்பு இல்லீங்ணா. உப்புக் கரிக்குது."

"வேற கோழியை நக்குடா."

பதினேழாவது கோழியில் நாக்கு மரத்துப்போனது.

"கோழியில இல்லாட்டி என்ன, நாம வெப்போம்" என்றான் செங்கோடன். "எட்டத்துல ஒரு கதவை நட்டு, சர்க்கரை பூசுவோம். கிருமி அதுவழியாப் போயிரட்டும்."

"கதவுக்கு எங்கடா போறது?"

"பண்ணைக் கதவு இருக்குதே."

"அதைக் கழட்டிட்டா பண்ணை?"

"கதவே இல்லாத எடத்துல எதைத் தொறந்துட்டு வரும்?"

வெகுநேரம் யோசித்தும் இதில் ஒரு குறையும் தென்படவில்லை.

கதவை நிலையோடு பெயர்த்துக் கடலைக்காட்டு நடுவில் நட்டார்கள். தாழ்ப்பாளில் பாகு தடவினார்கள். பின்னால் ஒரு பானை நிறையப் புளித்த மோர்.

"மோரு எதுக்குங்ணா?" என்றார் குப்பண்ணன்.

"புளிப்புப் பட்டாச் சட்டையைக் கழட்டுமல்ல?" என்றான் அத்தியண்ணன். "கழட்டினதும் எடுத்துரோணும். சட்டையில்லாம எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் பண்ணைக்கு வரும்?"

குப்பண்ணனைக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். உச்சி வெயில். அவர் மோரைப் பார்த்தார். குடித்தார். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு வரப்பில் படுத்துத் தூங்கிவிட்டார். முந்நூறு கோழிகளும் கதவில்லாத வாசல் வழியே வந்து, பாகுக்கு மொய்த்த எறும்புகளைக் கொத்திக்கொண்டிருந்தன.

சாயங்காலம் அண்ணன்கள் வந்தார்கள். பானை காலி. கதவில் சட்டை.

"சிக்கிட்டானப்பா!"

சட்டையைக் குச்சியால் தூக்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தெளித்தார்கள். சத்தம் கேட்டு எழுந்த குப்பண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, பை கிழிஞ்சிருக்கறதைப் பாத்தா என்ற சட்டை மாதிரியே இருக்குதுங்க."

"மாதிரிதான்டா இருக்கும். 'நம்ம ஆளு'ன்னு நெனைக்கோணுமல்ல?"

"அடேங்கப்பா! பொத்தான்கூட ஒண்ணு கொறையுது பாருங்க" என்று அவரே அசந்துபோனார்.

செங்கோடன் மெதுவாகத் திரும்பினான். "உன்ற சட்டை எங்கடா?"

"காணமுங்ணா."

"மோரைக் குடிச்சது யாரு?"

"நான்தானுங்க."

அண்ணன்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"நீ குப்பண்ணன்தானா?"

"இத்தனை நேரம் அப்படித்தான் நெனைச்சுட்டு இருந்தனுங்க."

பாவாயி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். கோழிகளைத் திரட்டிப் பண்ணைக்கு ஓட்டினாள். "நம்ம குப்பனேதான்டா, அறிவு கெட்டவனுகளா!" என்று கத்தினாள்.

"உயிரணுவும் இப்படித்தாங்க்கா சொல்லுமாம்" என்றான் அத்தியண்ணன்.

குப்பண்ணனுக்கே பயம் வந்துவிட்டது. "எதுக்கும் என்னை உள்ள விடாதீங்க்கா. முந்நூறு உசுரு."

இருபத்தொரு நாள் வாய்க்கால் கரையில் இருந்தார். அக்கா சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். கோழி ஒன்றுக்கும் நோய் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் அண்ணன்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்:

"கிருமியா இருந்தா சட்டையைக் கழட்டினதும் வேலையை ஆரம்பிச்சிருக்கோணும். இவன் இத்தனை நாளா ஒரு துரும்பைக்கூட நகத்தலை. இவன் நம்ம குப்பனேதான்."

உள்ளே விட்டார்கள். அடுத்த தையில் என் தங்கையை அவருக்குக் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமான மறுநாளிலிருந்து அவர் ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோழி கூவுவதற்குள் எழுந்து களை வெட்டுகிறார், தண்ணீர் பாய்ச்சுகிறார், மாடு கறக்கிறார். அதுவும் சட்டை போடாமல்.

போன வாரம் மனசு தாங்காமல் வரப்பில் நிறுத்திக் கேட்டே விட்டேன்:

"ஏனுங் மாப்ள, அப்ப நாங்க பொண்ணு குடுத்தது யாருக்குங்க?"