அக்காளுக்கு ஒரு மாப்பிள்ளை

முத்தாவனத்து ராஜா மாறவேளின் சபைக்கு ஒரு நாள் கூர்ச்செவியர் குலத்து இளவரசன் வனதீபன் வந்து நின்றான். மலைக்காட்டில் வாழும் கூர்ச்செவியருக்குக் காது நுனி வெற்றிலை மாதிரி கூர்மை; ஆயுசோ ஆயிரக்கணக்கில். சாவு என்றால் என்னவென்று அடுத்தவரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிற ஜனங்கள்! அம்பு விட்டால் மட்டும் குறி தப்பாது.

"உங்கள் மகள் மரகதவல்லியை எனக்குக் கட்டிக்கொடுங்கள்" என்றான் வனதீபன். "எனக்கு எண்ணூறு வயசுதான். அவள் கிழவியாகிப் போய்ச் சேர்ந்தால், ஒரு வாரம் முழுக்கத் துக்கப்படுவேன்."

மரகதவல்லி அழுத அழுகையில் முகமே வீங்கிவிட்டது. ராஜாவுக்கோ மறுத்துப் பேசப் பயம். மந்திரி கார்மேகத்தின் காதைக் கடித்தார்.

"மாட்டேன் என்றும் சொல்லக் கூடாது, கல்யாணமும் நடக்கக் கூடாது. நடந்தால் சீதனத்தோடு சீதனமாக உம்மையும் அனுப்பிவிடுவேன்!"

கூர்ச்செவியர் சாப்பாடு வெறும் இலையும் தேனும். கார்மேகத்துக்கோ மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது.

"மாப்பிள்ளை, முதலில் உங்கள் வம்சத்தைச் சொல்லுங்கள்" என்றார்.

வனதீபனுக்கு வாயெல்லாம் பல். தாத்தா, அவருக்குத் தாத்தா, அவருக்கும் தாத்தா என்று அடுக்கினான். எல்லோரும் சௌக்கியமாம்! சபையோர் வீட்டுக்குப் போய்த் தூங்கி, பல் தேய்த்துத் திரும்பி வந்தார்கள், அவன் நிறுத்தவில்லை. கார்மேகம் மட்டும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பேரோடும் ஒரு ஜோடிப் பேர் வந்தது. ஒரே ஒரு பேர் தனியாக வந்தது.

"கொஞ்சம் இருங்கள். யார் அந்த இளம்பிறை?"

"என் அக்காள்."

"புருஷன் பேரைச் சொல்லவில்லையே?"

"கல்யாணமே ஆகவில்லை. ஆயிரம் வயசுதானே, சின்னப் பெண்."

கார்மேகம் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! அக்காள் கன்னியாக இருக்க, தம்பி மணையில் உட்காருவதா? மூத்தவளிடம் ஏதோ குறை என்று ஊரே பேசுமே! உங்கள் குலத்துக்கு இது தேவையா?"

வனதீபனின் காது நுனி சிவந்தது. குலம் என்றால் அவனுக்கு உயிர். "அக்காளுக்கு முடித்துவிட்டு வருகிறேன்" என்று கலைமான் மேல் ஏறிப் பறந்தான்.

ராஜா பதறினார். "ஓய், அந்தப் பெண் நாளைக்கே யாரையாவது கட்டிக்கொண்டால்?"

"அவள் சம்மதித்தால் போதுமா, மகாராஜா? அவளைப் பெற்றவள், பெற்றவளைப் பெற்றவள், அவளையும் பெற்றவள், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களே! அத்தனை பேருக்கும் ஒரே மாப்பிள்ளையைப் பிடிக்க வேண்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. தம் முத்துமாலையைக் கழற்றிக் கார்மேகத்தின் கழுத்தில் போட்டார். அதே உற்சாகத்தில், திரைக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்த தம் மாமியாரைப் பார்த்துக் கேட்டார்:

"நம் வீட்டில் அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. என்னைப் பிடித்துப்போய்த்தானே பெண் கொடுத்தீர்கள், அத்தை?"

விசிறி நின்றது.

"யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார் மாமியார்.