அரண்மனை மாம்பழ இணையதளம்

ராஜா காலத்தில் இணையதளம் ஏது என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதை ஆகாது. தேனாற்றுச் சீமையை ஆண்ட செருவடங்கான் மகாராஜாவிடம் யானை இருந்தது, பல்லக்கு இருந்தது, கைபேசியும் இருந்தது. செரு என்றால் போர். ஆனால் அவர் ஒரு சேவற்சண்டையைக்கூட முழுசாகப் பார்த்தவரில்லை. பெயர் என்னவோ அப்படி அமைந்துவிட்டது.

அரண்மனைக்குப் பின்னால் பெரிய மாந்தோப்பு. கிளிமூக்கு, ருமானி, பங்கனபள்ளி என்று மரத்துக்கு மரம் வேறு ருசி. அதை வெளியூராருக்கு விற்கத்தான் இணையதளம் திறந்தார்கள். பொறுப்பு அமைச்சர் அனந்தகோடிராயருக்கு. அவர் முதலில் அரசரின் படத்தைப் போட்டார். அடுத்து, சூரியனில் தொடங்கும் அரசரின் வம்சாவளி. அதன்கீழ் தம் படம், பணிவுக்காகக் கொஞ்சம் சிறியதாக. எல்லாவற்றுக்கும் மேலே பொங்கல் வாழ்த்து ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வைகாசி பிறந்தும் அது நிற்கவில்லை.

ஒருமுறை எட்டிப் பார்த்த வெளியூரார் மறுமுறை வரவில்லை. பழம் கூடையிலேயே அழுகியது.

"பழத்தில்தான் குறை, அரசே," என்றார் ராயர். "தோப்பை வெட்டிவிட்டு அங்கே தங்களுக்கு ஒரு சிலை வைக்கலாம்."

சிலை என்றதும் அரசர் முகம் மலர்ந்தது. "வெள்ளிக்கிழமையே வெட்டுங்கள்!"

அவைப்புலவர் மருதவாணனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோப்பில் பழம் பறிக்கிறவள் அவர் தங்கை தையல்நாயகி. புருஷன் போன பிறகு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மரங்கள்தான் சோறு போட்டன. அன்று மதியம் அவளிடம் போய், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னார்.

"பழத்துலயா குறை?" என்று அவள் சீறினாள். "அந்த இணையப் பக்கத்த நானும் ஒருவாட்டி பாத்தேன் அண்ணா. ராஜா இருந்தாரு, ராஜாவோட தாத்தா இருந்தாரு, அவருக்குத் தாத்தாவும் இருந்தாரு. மாங்காயத்தான் காணோம். பொறவு எதுக்கு அங்க போறேன்?"

மருதவாணன் நேரே அவைக்கு நடந்தார்.

"அரசே, அந்தப் பக்கத்தை நம்மவர்களாவது படிக்கிறார்களா?"

"என்ன கேள்வி இது?" ராயர் கொதித்தார். "நான் விழிப்பதே அதில்தான்!"

"நான் பல் துலக்குமுன் படிப்பேன்," என்றார் சேனாதிபதி.

"எனக்கு அதைப் படிக்காமல் சோறு இறங்காது," என்றார் ராஜகுரு.

அரசரும் விட்டுக்கொடுக்கவில்லை. "நாமும்தான் தினமும் பார்க்கிறோம். படம் நன்றாக விழுந்திருக்கிறது."

புகழ்கிற கூட்டத்துக்குப் படிக்க நேரம் ஏது என்று மருதவாணன் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். வெளியே கும்பிட்டார்.

"அப்படியானால் அதன் உச்சியில் ஒரே ஒரு வரி எழுத அனுமதி வேண்டும். அரசர் பெயரில்."

"எழுதிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் நம் ஆணைதான்."

"புலவர் ஒரு வரியில் ஊரையே இழுத்துவிடுவார் போலிருக்கிறது!" என்று ராயர் சிரித்தார். அவையும் சிரித்தது. ராயர் சிரித்தால் சிரிப்பது அங்கே வழக்கம்.

மறுநாள் அவை கூடியது. சேனாதிபதி சரிகைத் தலைப்பாகையில் வந்தார். ராஜகுரு பட்டுப் பரிவட்டத்தில் வந்தார். ராயர் தலையில் பூசணிக்காய் அளவுக்கு ஒன்று. அரசர் மகுடம் பளபளக்க அமர்ந்தார். கடைசியாக மருதவாணன் தம் வழுக்கைத் தலையோடு, ஒரு துண்டுகூட இல்லாமல் நுழைந்தார்.

ராயர் துள்ளி எழுந்தார். "அவமதிப்பு! வெறுந்தலையோடு அரசர்முன் வருவதா? இவர் பதவியைப் பறியுங்கள் அரசே!"

"ஆணைப்படிதானே வந்திருக்கிறேன்?"

"எந்த ஆணை?"

"இன்று தாங்கள் கண்விழித்த ஆணைதான். சேனாதிபதி பல் துலக்குமுன் படித்தது."

மருதவாணன் கைபேசியை எடுத்து நீட்டினார். "ராயரே, தங்கள் வாயாலேயே படியுங்கள்."

ராயர் படித்தார். குரல் வர வர இறங்கியது. "இது அரச ஆணை. இனி அவைக்குள் தலையை மூடி வருபவர் எவராயினும், அக்கணமே தம் பதவியை விட்டு நீங்கியவர் ஆவார்."

கைகள் தலைக்குப் பறந்தன. சேனாதிபதி இழுக்க இழுக்கச் சரிகை இறுகியது. ராஜகுருவின் பரிவட்டம் மூக்குவரை இறங்கிக் கண்ணை மறைத்தது. ராயரின் பூசணி மட்டும் அவிழ்ந்து அவிழ்ந்து, முடிவில்லாமல் தரையில் குவிந்துகொண்டிருந்தது.

அரசர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அகப்பட்டீர்களா! தினமும் படிக்கிறவர்களாம்! குறை பழத்தில் இல்லை, பக்கத்தில்தான். தோப்பு பிழைத்தது, மருதவாணா. ஒரு கோடாலியும் அங்கே போகாது. இனி அந்தப் பக்கம் உம் பொறுப்பு. அதில் என்ன எழுதுவீர்?"

"இன்று எந்த மரம் பழுத்தது என்று எழுதுவேன், அரசே. அணில் கடித்தது எது, நாளைக்குக் காத்திருக்க வேண்டியது எது என்றும் எழுதுவேன். நாளைக்கு என்று சொன்னால், நாளைக்கு வந்து பார்ப்பார்கள்."

"வம்சாவளி?" ராயர் தரையிலிருந்து முனகினார்.

"பழம் வாங்குகிறவர் கேட்டால் கொட்டைக்குள் வைத்து அனுப்பலாம்."

அரசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டது. கை மெல்ல மகுடத்தைத் தொட்டது.

"மருதவாணா... எவராயினும் என்றா எழுதினீர்?"

"ஆமாம் அரசே."

அரசர் மகுடத்தைக் கழற்றி மடியில் மறைத்துக்கொண்டார். "ஓடும்! முதலில் அந்த வரியை அழியும்! ஊரில் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்!"

மருதவாணன் வழுக்கையைத் தடவியபடி நிதானமாகக் கும்பிட்டார்.

"சாப்பிட்டுவிட்டு வந்து அழிக்கிறேன், அரசே. இன்றுவரை அது ராயர் நடத்திய பக்கம்தானே? அரியணை காலியான சேதியை அதைவிடப் பத்திரமாக எங்கே ஒளித்துவைக்க முடியும்?"