இன்னாசி எடுத்த சாட்டை

தள்ளிப் படு அமலி. இன்னும் கொஞ்சம். அத்தைக்கு இந்த உடம்பைப் போட இடம் வேணாமா? ம், அப்படி. அந்த இயேசு படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வச்சது யாரு, நீதானே? முழிக்காதே, திட்ட மாட்டேன். தம்பிப் பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரணும்னு முட்டி போட்டு ஜெபிச்சே. வரலை. அந்தக் கோவம். நான் படத்தைத் தொடல. ஒரு கதை சொல்றேன், கேட்டுக்கிட்டே தூங்கு. 'ம்' கொட்டணும், இல்லேன்னா நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வண்டிக்காரன் இருந்தான். பேரு இன்னாசி. நல்ல உயரம், மீசை இம்புட்டு. தொண்டையைத் திறந்தான்னா மாடு தானா நடக்கும். அவனுக்கு ஒரே மக, செசிலி. உன் வயசுதான். அப்பா பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டு 'ஹை, ஹை'ன்னு அவதான் மாட்டை ஓட்டுவா.

அந்த ஊர்ல வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் முன்னாடி பாஸ்கா போடுவாங்க. இயேசு பாடுபட்ட கதையை ஊர்க்காரங்களே வேஷம் கட்டி நடிப்பாங்க. சாட்டையால அடிக்கிற சேவகன் யாரு? இன்னாசிதான். வேற யாருக்கு அந்த மீசை இருக்கு? இயேசு வேஷம் சந்தியாகுவுக்கு. இன்னாசி பொண்டாட்டி மதலேன் இருக்காள்ல, அவளோட அண்ணன். செசிலிக்குத் தாய்மாமன். வெத்தலைக் கொடிக்கால்ல வேலை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுசன்.

"நிஜமாவே அடிப்பாங்களா அத்தை?"

சேச்சே. சாட்டை பழைய வேட்டியைக் கிழிச்சுத் திரிச்சது. அதைச் சிவப்புச் சாயத்துல முக்கி எடுப்பாங்க. பொத்துனு முதுகுல பட்டா வலிக்காது, சிவப்பா ஒரு கோடு விழும், அவ்வளவுதான். பார்க்கிறவங்க 'ஐயோ ஆண்டவரே'ன்னு அழுவாங்க. அப்புறம் கிணத்தடியில தண்ணி ஊத்துனா எல்லாம் போயிரும். தப்பித் தவறி அடி பலமா பட்டுட்டா சந்தியாகு கையைத் தூக்கணும், உடனே மேளம் நின்னுரும். அப்படிப் பேசி வச்சிருந்தாங்க.

அப்புறம் ஒரு வருஷம் செசிலிக்குக் காய்ச்சல் வந்துச்சு. உடம்பு அனலாக் கொதிக்குது. மருந்து கேட்கல. இன்னாசி அந்தோணியார் கோயிலுக்கு ஓடி மொட்டை போட்டான். காய்ச்சல் இறங்கல. அப்புறம் கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் முட்டியாலேயே நடந்தான். முட்டியெல்லாம் ரத்தம். அப்பவும் இறங்கல. அப்புறம் ரெண்டு மாட்டுல ஒண்ணை ஓட்டிக்கிட்டுப் போய்க் கோயில்ல கட்டினான். "இது உமக்கு. என் புள்ளையை எனக்குக் கொடும்"னு கேட்டான். ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு வண்டிக்காரன் எப்படிப் பிழைப்பான்? அதையெல்லாம் அவன் யோசிக்கல. வீட்டுக்குத் திரும்பி வர்றான், தெருமுனையிலேயே அழுகைச் சத்தம். செசிலி போயிட்டா.

ம் சொல்லு, தங்கம்.

"...ம்."

துக்கத்துக்கு வந்தவங்க வந்தோமா, கையைப் பிடிச்சோமான்னு போகலாம்ல? "உனக்கு விசுவாசம் பத்தலப்பா"ன்னான் ஒருத்தன். "என்ன பாவம் பண்ணினியோ"ன்னா ஒருத்தி. "ஆண்டவருக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு"ன்னா இன்னொருத்தி. எனக்கு இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது. சந்தியாகு மட்டும் வாயே திறக்காம அவன் பக்கத்துல உக்காந்திருந்தான்.

அப்போ பெரிய வெள்ளி வந்துச்சு. "இந்த வருஷம் நீ நடிக்க வேணாம்ப்பா"ன்னாரு கோயில் உபதேசியார். "நான் வர்றேன்"னான் இன்னாசி.

நல்ல வெயில். ஊரே கூடியிருக்கு. டமடமடம்னு மேளம். சந்தியாகு வெறும் முதுகோட தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இன்னாசி வந்தான். அவன் கையில இருந்தது துணிச் சாட்டை இல்ல அமலி. மாட்டை ஓட்டுற தோல் சாட்டை. அதையும் சாயத்துல முக்கி எடுத்துக்கிட்டு வந்திருக்கான், பாவி. யாருக்கும் வித்தியாசம் தெரியல.

சுளீர்!

சந்தியாகு விசுக்குன்னு திரும்பினான். இன்னாசி கண்ணைப் பார்த்தான். அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. கையைத் தூக்கல.

"இது மொட்டை போட்டதுக்கு"ன்னான் இன்னாசி, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

சுளீர்! "இது முட்டி தேஞ்சதுக்கு."

சுளீர்! மாட்டுக்குன்னு சொல்ல வந்தவன், "இது என் புள்ளைக்கு"ன்னான்.

சந்தியாகு கை அந்தத் தூணை விடவே இல்ல. சனமெல்லாம் ஓன்னு அழுதுச்சு. 'இந்த வருஷம் என்னமா நடிக்கிறாங்க'ன்னு பேசிக்கிச்சு.

அப்புறம் சிலுவையில ஏத்தினாங்க. 'அப்பா, இவங்களை மன்னிச்சிருங்க'ன்னு இயேசு கேட்கிற இடம் வந்துச்சு. எப்பவும் வானத்தைப் பார்த்துக் கேட்கிற சந்தியாகு, அன்னைக்குக் குனிஞ்சு இன்னாசியைப் பார்த்துக்கிட்டே கேட்டான். இன்னாசி சாட்டையைப் போட்டுட்டுக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஓடிட்டான்.

கிணத்தடியில மதலேன் அண்ணன் முதுகுல சளசளன்னு தண்ணி ஊத்துறா. சாயம் ஓடுது. இன்னும் சிவப்பா இருக்கு. இன்னொரு வாளி ஊத்துறா. போகல. கையை வச்சுத் தேய்க்கப் போனவ, "அண்ணே!"ன்னு அலறிட்டா.

அந்தச் சத்தம் கேட்டு இன்னாசி வந்தான். வந்து அப்படியே ஈர மண்ணுல விழுந்தான்.

"ஏன் மச்சான் கையைத் தூக்கல?"

"தூக்கியிருந்தா நீ எங்க மாப்ள போய் அடிப்ப?"

"நான் உன்னை அடிக்கல மச்சான். சத்தியமா உன்னை இல்ல."

"தெரியும். யாரை அடிச்சேன்னு தெரியும். அவர் வேஷத்தைக் கட்டிட்டேன்ல, நின்னேன்."

"என் புள்ளையை ஏன் கொண்டுபோனாரு?"

"தெரியல மாப்ள. நானும்தான் தினம் கேட்கிறேன். எனக்கும் அவ மருமகதானே? ஒண்ணு மட்டும் தெரியும். அவர் எங்கேயோ தூரத்துல நின்னு வேடிக்கை பார்க்கல. நம்ம கைக்கு எட்டுற இடத்துலதான் நிக்கிறாரு."

அப்பத்தான் இன்னாசிக்கு உறைச்சுச்சு. சந்தியாகுவுக்கும் துக்கம் இருந்திருக்கு. பக்கத்துலயே உக்காந்திருந்தவனை அவன் ஒரு வார்த்தை கேட்கல. கேட்காதது மட்டுமா, அவன் முதுகையும் கிழிச்சுட்டான்.

அதுக்கப்புறம் இன்னாசி சேவகன் வேஷமே கட்டல. சிலுவை தூக்கக் கைகொடுக்கிற சீமோன் வேஷம் கேட்டு வாங்கிக்கிட்டான். மழைக்காலத்துல மச்சானுக்கு முதுகு வலிக்கும். இன்னாசிதான் போய் எண்ணெய் தேய்ச்சு விடுவான். "மன்னிச்சாச்சு, விடு மாப்ள"ன்னு சந்தியாகு சொல்லுவான். சொல்லி என்ன? தேய்க்கிற விரல்ல அந்த மூணு தழும்பும் தட்டுதே.

வயசாகி சந்தியாகு செத்தப்போ குளிப்பாட்டினதும் இன்னாசிதான். தண்ணி ஊத்தறான், ஊத்தறான். "உபதேசியாரே, கடைசி நாள்ல மச்சான் எந்திரிச்சு வருவான்ல? அப்பவும் இது இருக்குமா?"ன்னு கேட்டான். உபதேசியார் குனிஞ்சு அந்த முதுகைத் தொட்டுப் பார்த்தாரு. "ஆண்டவரே தழும்போடதானப்பா எந்திரிச்சாரு"ன்னாரு. இன்னாசி முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான்.

"செசிலியும் எந்திரிச்சு வருவாளா?"

அப்படி நம்பித்தான் இன்னாசி அவளை மண்ணுல வச்சான். ஆனா அவன் இருந்த வரைக்கும் வரலை. வந்துட்டான்னு சொன்னா நீ நல்லாத் தூங்குவே. பொய் சொல்ல எனக்கு மனசு வரலை.

"அத்தை... படத்தைத் திருப்பி வைக்கவா?"

இப்ப எந்திரிக்காதே. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வை. அதுவரைக்கும் இருக்கட்டும், அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு பழக்கம்தான்.

வண்டி வீடு வந்துருச்சு, மாட்டை அவுத்துக் கட்டியாச்சு. கதையும் இறங்கிருச்சு. கண்ணை மூடு, அமலி.