விரலால படிச்ச செம்பகம்

ம் கொட்டணும், தூங்கிடக் கூடாது. ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு. அங்க செம்பகம்னு ஒருத்தி. வர்ற பஸ்ஸோட போர்டைப் பார்த்து மைக்குல ஊர்ப்பேரு சொல்றவ. கணீர்னு குரல்.

ஒருநாள் அவளுக்குத் தலை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. தொப்புன்னு விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பார்த்துட்டு, மூளையில ரத்தம் கட்டியிருக்குன்னாங்க. அப்புறம் பொழைச்சு எழுந்து வேலைக்கு வந்தா, போர்டுல தமிழ் எழுத்தெல்லாம் புழு மாதிரி நெளு நெளுங்குது. ஒண்ணும் புரியல! ஆனா இங்கிலீஷ் மட்டும் பளிச்சுன்னு தெரியுது.

ம்?

அப்படியும் ஆகுமாம்டா. "ஒவ்வொரு பாஷை எழுத்தையும் படிக்க மூளையில கொஞ்சம் வேற வேற வழிம்மா. உங்களுக்குத் தமிழ் வழி அடைச்சிருக்கு"ன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க.

ஸ்டாண்டுல பஸ் நேரத்தையும் ஆளுங்களையும் பார்த்துக்கிற டைம்கீப்பர் துரைக்கண்ணு நம்பணுமே! "தமிழ் மறந்துபோச்சாம், இங்கிலீஷ் மறக்கலையாம். திமிரப் பாரு!"ன்னான். டீக்கடையே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. செம்பகத்துக்கு உள்ளங்கால்லேருந்து உச்சி வரைக்கும் எரிஞ்சுது.

அப்போ அவன் சோதனை வெச்சான். இங்கிலீஷ் பேப்பர் குடுத்தான். கடகடன்னு படிச்சா. தமிழ் பேப்பர் குடுத்தான். முழிச்சா. அப்புறம், "நான் சொல்றதை எழுது"ன்னான். சரசரன்னு தமிழ்ல நாலு வரி எழுதிட்டா. நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்ன?"ன்னான். தான் எழுதினதே அவளுக்குத் தெரியல!

"எழுதத் தெரியும், படிக்கத் தெரியாதா? பொய்க்காரி! நாளைக்கு வராத."

ம்?

அவ அழுவாளா? பல்லைக் கடிச்சா. அந்நேரம் பாம் பாம்னு ஒரு பஸ் வந்து நின்னுது. மைக் முன்னாடி போய் நின்னு, போர்டையே முறைச்சுப் பார்த்து, அந்த வளைவு நெளிவை விரலால ஜன்னல் கண்ணாடி மேல அப்படியே இழுத்தா. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிஞ்சுது! ப... அப்புறம் ஒரு சுழி, கீழ ஒரு கொக்கி, ழ... னி.

"பழனி! பழனி!"

"பார்த்தீங்களா, படிக்கிறா! நடிச்சிருக்கா!"ன்னு துள்ளினான் துரைக்கண்ணு.

செம்பகம் மைக்கை அணைக்கல. "படிச்சது என் விரலுய்யா! நான் நடிச்சேன்னு டாக்டரம்மா மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, வா! என் வேலையில கை வெச்சே, உன் வாசல்ல வந்து மைக் இல்லாமலே கத்துவேன்!"

ஸ்டாண்டு மொத்தமும் கேட்டுது. துரைக்கண்ணு குனிஞ்ச தலை நிமிராம ரூமுக்குள்ள போயிட்டான்.

வேலை நிலைச்சுது. அவ எழுத்து எழுத்தா இழுத்துப் படிச்சு முடிக்கிற வரைக்கும் டிரைவருங்க பொறுத்து நின்னாங்க. அவன் மன்னிப்புக் கேட்டானா? கேக்கல. அவளும் இன்னிக்கு வரைக்கும் அவன் மூஞ்சியில முழிக்கல.

அவ்வளவுதான், கதை ஊர் போய்ச் சேர்ந்துடுச்சு. நீ கண்ணை மூடு.